கத்திரி வெயிலிலேயே தொடங்கும் சாரல் சீசன்: குற்றாலம் பக்கம் ஊர்வீட்டில் விடுதி நடத்த முழுமையான வழிகாட்டி

குற்றாலத்தில் சீசன் ஜூனில்தான் ஆரம்பிக்கும். விடுதி வைத்திருப்பவருக்கு அது சித்திரை பிறந்ததுமே ஆரம்பித்துவிடும். சாரல் விழ ஆரம்பித்த பிறகு எங்கள் பக்கம் எதுவும் காயாது. துணி காயாது, சுவர் காயாது, பெயின்ட் காயாது, நனைந்த மெத்தை பத்து நாள் ஆனாலும் காயாது. காய வேண்டியதை எல்லாம் ஏப்ரல், மே வெயிலிலேயே காயவைத்துவிட வேண்டும். அதே இரண்டு மாதத்தில்தான் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டு, சென்னை, கோவை, தூத்துக்குடி என்று பிரிந்து கிடக்கும் சொந்தமெல்லாம் ஊருக்கு வந்து இறங்கும்.

எங்களுடையது தாத்தா கட்டிய ஓட்டு வீடு. பின்பக்கம் அப்பா சேர்த்த இரண்டு காங்கிரீட் அறைகள். குற்றாலத்துக்கு எட்டுக் கிலோமீட்டர். வாசலில் நின்றால் வயலும், அதற்கு அப்பால் மலையும் தெரியும். மொத்தம் ஐந்து அறை. நான்கு வாடகைக்கு, ஒன்று உறவுக்கு. இந்தப் பக்கம் ஊர்வீட்டைப் பூட்டிப் போட மனமில்லாமல் விடுதியாக்க நினைப்பவர்களுக்காக, நான் செய்கிற வரிசையிலேயே எழுதுகிறேன்.

படி 1: அறைக்கு முன்னால் நாட்காட்டி

பங்குனி கடைசியில் ஒரு பெரிய தினசரி நாட்காட்டியும் ஒரு டைரியும் எடுத்துக்கொள்ளுங்கள். போனில் குறித்துக்கொள்வேன் என்று சொல்லாதீர்கள். வீட்டில் யார் போனை எடுத்தாலும் பார்த்துப் பதில் சொல்கிற மாதிரி அது சுவரில் இருக்க வேண்டும்.

முதலில் உறவுக்கான நாட்களை அடைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் தெற்கு அறை ஏப்ரல் 20 முதல் ஜூன் முதல் வாரம் வரை யாருக்கும் வாடகைக்குக் கிடையாது. யாரும் வராமல் சும்மா கிடந்தாலும் கிடையாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு வருடம் வைகாசி முகூர்த்தத்துக்கு வந்த ஒரு கூட்டத்துக்கு ஐந்து அறையையும் கொடுத்துவிட்டேன். அன்று சாயங்காலம் தூத்துக்குடி அத்தை இரண்டு பேத்திகளோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். வாசலில் செருப்புக் கும்பலைப் பார்த்துவிட்டு, “ஏய்யா, எங்க வீட்டுக்கு நாங்களே ரூம் போட்டுத்தான் வரணுமா?” என்றார். தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், பாய் விரித்துக் கொடுத்தோம். ராத்திரி ஒரு மணிக்குக் கோடை மழை பிடித்துக்கொண்டது. அத்தை இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வருகிறார், ஆனால் கிளம்புவதற்கு முன்னால், “இடம் இருக்கா?” என்று ஒரு போன் போட்டுவிட்டுத்தான் வருகிறார். அந்தப் போன் வரும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

அடுத்து, ஊர் அம்மன் கோவில் கொடை, அதாவது திருவிழா. தேதியை ஊர்க்கூட்டம் முடிவு செய்யும். கால்நாட்டிவிட்டால் ஒரு வாரத்தில் கொடை. அந்த வாரம் வாடகைக்கு ஆள் எடுக்காதீர்கள். ராத்திரி முழுக்க மேளமும் ஒலிபெருக்கியும் இருக்கும், வேலைக்கு வரும் அக்கா வரமாட்டார், பால்காரர் நேரம் தவறுவார். அமைதியைத் தேடி வந்த விருந்தாளிக்கு அது தண்டனை. கொடை பார்க்க வேண்டும் என்றே கேட்டு வருபவர்களை மட்டும், எல்லாம் சொல்லிவிட்டு எடுக்கலாம்.

மூன்றாவது, ரயில். சென்னையிலிருந்து வருபவர்களில் பாதிப் பேர் பொதிகையில் டிக்கெட் கிடைத்த பிறகுதான் அறை கேட்பார்கள். 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. ஆகவே ஜூலை முதல் வாரத்துக்கான விசாரிப்பு மே முதல் வாரத்தில் வரும். வீட்டில் கூட்டம் நிறைந்து, போன் அடிப்பதே காதில் விழாத சமயம் அது. அந்த நாட்களில், போனை எடுப்பது ஒருத்தர் பொறுப்பு என்று வைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் கல்லூரி லீவுக்கு வரும் சித்தி மகள்தான் அந்த ஆள்.

படி 2: மே 20-க்குள் வீட்டு வேலை முடிய வேண்டும்

ஏன் 20? தென்மேற்குப் பருவமழை கேரளாவில் தொடங்கும் வழக்கமான நாள் ஜூன் 1. ஆனால் 2023-ல் ஜூன் 8-ல்தான் தொடங்கியது. 2025-ல் மே 24-லேயே வந்துவிட்டது. 2009-க்குப் பிறகு அவ்வளவு சீக்கிரம் வந்தது அந்த வருடம்தான். ஆரியங்காவுக் கணவாய் வழியாக அந்தக் காற்று நேராக எங்கள் பக்கம் வரும். 2025-ல் மேற்குச் சுவருக்குப் பிரைமர் அடித்து, மேல்பூச்சு அடுத்த வாரம் என்று விட்டு வைத்திருந்தேன். அந்தச் சுவர் செப்டம்பர் வரைக்கும் அப்படியே நின்றது. சீசன் முழுக்க எடுத்த போட்டோ எல்லாவற்றிலும் அதுதான் பின்னணி.

வேலையை மேலிருந்து கீழே வாருங்கள். ஓட்டு வீடாக இருந்தால் ஏப்ரலிலேயே ஓடு மாற்றும் ஆளைப் பிடித்துவிட வேண்டும்; மே மாதம் அவர் கிடைக்கமாட்டார். எங்கள் பக்கம் ஓடு உடைவதைவிடக் குரங்கு நகர்த்திவிடுவதுதான் அதிகம். கீழே அறைக்குள் நின்று மேலே பார்த்தால், பகலில் ஒளி ஊசி மாதிரி விழும் இடமெல்லாம் மழையில் ஒழுகப்போகும் இடம். சாக்பீஸால் தரையில் வட்டம் போட்டு வைத்து, ஆள் வந்ததும் காட்டிவிடுங்கள். ஓட்டைப் பிரிக்கும்போதே கைமரத்தில் கரையான் இருக்கிறதா என்றும் தட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

காங்கிரீட் தளத்துக்கு வெடிப்பை அடைத்து, அது நன்றாகக் காய்ந்த பிறகு சுண்ணாம்பை இரண்டு கை அடியுங்கள். கொஞ்சம் பெவிகால் கலந்தால் உதிராமல் நிற்கும். மே மாதத்து ராத்திரியில் அறைக்குள் வித்தியாசம் தெரியும். தண்ணீர் இறங்கும் குழாயில் வேப்ப இலை அடைத்திருக்கும், அதை மறக்காதீர்கள்.

தண்ணீர்க் கணக்கு இது: நான்கு அறை, அறைக்கு மூன்று பேர், ஆளுக்கு 100 லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு 1,200 லிட்டர். சமையலும் துவைப்பும் தனி. 1,000 லிட்டர் தொட்டி ஒன்று போதாது, இரண்டு வேண்டும். கத்திரி, அதாவது மே 4 வாக்கில் தொடங்கி 28 வரை, கிணற்றில் தண்ணீர் இறங்கிப்போகும். அந்தச் சமயத்தில் தொட்டியைக் கழுவிவிடலாம், கிணற்றைத் தூர்வாருவதற்கும் ஆள் இறங்கலாம்.

கரண்டுக்கு இன்வெர்ட்டர் கட்டாயம். வெயில் காலத்தில் புழுக்கத்துக்காக. சாரல் காலத்தில் மேல்காற்றுக்குக் கிளை ஒடிந்து கம்பி மேல் விழுவதற்காக. 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒன்றில், 30 வாட் அளவில் ஓடும் பிஎல்டிசி மின்விசிறி நான்கும் சில விளக்கும் ஐந்து மணி நேரம் தாங்கும். பழைய 75 வாட் விசிறி என்றால் பாதி நேரத்தில் கீச்சிட ஆரம்பித்துவிடும்.

படி 3: வந்த சொந்தத்தை வத்தல் போட விடுங்கள்

லீவுக்கு வந்தவர்களை வேலை வாங்குவதா என்று யோசிக்க வேண்டாம். அவர்கள் ஊரை நினைத்துக்கொள்வதே இதை வைத்துத்தான். கூழ் வத்தலும் மோர் மிளகாயும் கடையில் வாங்கி விருந்தாளிக்குப் பரிமாறினால் அது சாப்பாடு. வீட்டில் போட்டுப் பரிமாறினால் அடுத்த வருடம் அதற்காகவே வருவார்கள்.

கூழை விடியற்காலை நான்கு மணிக்குக் கிளற வேண்டும். பச்சரிசி மாவு, ஜவ்வரிசி, அரைத்த பச்சை மிளகாய், சீரகம், உப்பு. உப்பு கொஞ்சம் குறைவாகவே இருக்கட்டும், காய்ந்தால் ஏறும். ஏழு மணிக்கு முன்னால் தட்டட்டிக்குப் போய்விட வேண்டும். எட்டுக்கு மேல் தரையில் கால் வைக்க முடியாது. பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து விரித்து, நான்கு மூலைக்கும் கல் வைத்து, ஆச்சி ஒரு பக்கம் கரண்டியால் ஊற்ற, அத்தையும் மதினியும் இன்னொரு பக்கம் முறுக்கு உழக்கில் பிழிவார்கள். காக்கா விரட்டும் வேலை பிள்ளைகளுக்கு. கறுப்புக் குடை ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டால் அவர்களே விளையாட்டாக்கிக்கொள்வார்கள். மறுநாள் வேட்டியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் வத்தல் உடையாமல் கழன்று வரும். அப்புறம் இன்னும் இரண்டு நாள் காய வேண்டும்.

மோர் மிளகாய்க்குப் பொறுமை வேண்டும். மிளகாயைக் கீறி, உப்புப் போட்ட புளித்த மோரில் ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் எடுத்து வெயிலில் போட்டு, சாயங்காலம் மறுபடி அதே மோருக்குள் போட வேண்டும். மோர் வற்றும் வரைக்கும் இப்படியே ஐந்து நாள். இடையில் கோடை மழை வந்தால் எல்லாம் போயிற்று. மத்தியானம் மேற்கே மேகம் கறுத்து, காற்று சட்டென்று நின்றுபோனால் தட்டட்டிக்கு ஓடிவிடுங்கள்.

இதே வெயிலில் இலவம்பஞ்சு மெத்தை, தலையணை எல்லாவற்றையும் மூன்று நாள் புரட்டிப் போட்டு எடுங்கள். விறகை வெட்டிக் கொட்டகைக்குள் அடுக்குங்கள். மெத்தை சுமக்க மச்சான்மார் இருக்கும்போதே இதைச் செய்துவிடுவது நல்லது. ஜூனில் நீங்கள் தனி ஆள்.

காசு விஷயம்: சொந்தத்திடம் அறை வாடகை வாங்காதீர்கள். சீசனில் தன் நண்பர்களை அனுப்பி “நம்ம ஆளுதான், பார்த்துப் போட்டுக்கோ” என்று சொல்லும் மாமாவுக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: நீங்கள் வந்தால் இலவசம், ஆள் அனுப்பினால் வாடகை. சொல்லும்போது சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும்.

படி 4: காகிதம்

சலிப்பான வேலைதான், ஆனால் சீசனுக்கு முன்னால் முடித்துவிட வேண்டியது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே வகைப்பாட்டில் சேர்வதென்றால் ஒன்று முதல் ஆறு அறை, 12 படுக்கை வரைதான். உரிமையாளர் குடும்பம் அங்கேயே குடியிருக்க வேண்டும். சாப்பாடு போட்டால் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். வருகைப் பதிவேட்டில் எல்லோருடைய விவரத்தையும் எழுதி, அடையாள அட்டை நகலை வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்கு ஆன்லைனில் தகவல் பதிய வேண்டும். அமெரிக்கப் பாஸ்போர்ட்டோடு வரும் நம் ஊர்க்காரருக்கும் இது பொருந்தும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

படி 5: படுக்கையும் எண்ணெயும்

குற்றாலம் பக்கம் விடுதி நடத்துபவரின் உண்மையான எதிரி மழையோ குரங்கோ இல்லை, எண்ணெய். அருவிக்குப் போகும் வழியில் எண்ணெய் தேய்த்து மசாஜ் செய்துகொள்வார்கள். அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு போடத் தடை இருக்கிறது. ஆக, ஊறிய உடம்போடு திரும்பி வந்து “கொஞ்சம் படுத்துட்டுக் குளிக்கிறேன்” என்று சாய்வார்கள். வெள்ளை விரிப்பில் ஆள் உருவமே பதிந்துவிடும்.

ஆரம்பத்தில் பெரிய ஓட்டல் மாதிரி வெள்ளை விரிப்பு வாங்கினேன். ஒரே சீசனில் பத்துக்கு ஏழு தரைத்துணி ஆயிற்று. இப்போது கட்டம் போட்ட கைத்தறிப் பருத்தி விரிப்புதான், அடர்ந்த நிறத்தில். தலையணைக்கு இரட்டை உறை. வெராந்தாவில் ஒரு கயிற்றுக் கட்டில், அதன் மேல் பழைய துண்டு, பக்கத்தில் ஒரு கிண்ணம் சீயக்காய்த் தூள். “மசாஜ் பண்ணிட்டு வந்தா இதுல உட்காருங்க சார், வெந்நீர் பத்து நிமிஷத்துல ரெடி” என்று வந்த அன்றைக்கே காட்டிவிட்டால் பெரும்பாலும் கேட்டுக்கொள்கிறார்கள். கறை பட்டுவிட்டால், தண்ணீரில் நனைக்காமல் முதலில் சீயக்காயையோ கடலைமாவையோ தூவி எண்ணெயை இழுக்க விட்டு, பிறகு கொதிநீரில் சலவை சோடா போட்டு ஊறவைக்க வேண்டும்.

வெயில் காலத்தில் ஒரு கட்டிலுக்கு மூன்று செட் விரிப்பு போதும். சாரலில் நான்கு. கொட்டகைக்குள், விறகடுப்புக்கு எதிர்ப்பக்கமாகக் கொடி கட்டி வையுங்கள். விருந்தாளிகளின் ஈரத்துணிக்கும் அங்கே ஒரு தனிக் கொடி. இல்லாவிட்டால் மின்விசிறியில் தொங்கவிடுவார்கள்.

படி 6: “தண்ணி விழுதா சார்?”

ஜூன் தொடக்கத்திலிருந்து ஒரு நாளைக்கு இருபது தடவையாவது இந்தக் கேள்வி வரும். இதற்குப் பதில் சொல்லும் விதத்தில்தான் உங்கள் பெயர் நிற்கும் அல்லது போகும். அறை நிரம்ப வேண்டும் என்று “நல்லா விழுது, வாங்க” என்று சொன்னால், ஐந்நூறு கிலோமீட்டர் வந்தவர் பாறையைப் பார்த்துவிட்டு உங்களைத்தான் கேட்பார். அருவி உங்களுடையது இல்லை. விற்பதற்கு உங்களிடம் இருப்பது அறை, சாப்பாடு, உண்மையான தகவல், அவ்வளவுதான்.

நான் காலை ஆறேகாலுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு ஐந்தருவிக்கும் பேரருவிக்கும் ஒரு சுற்றுப் போய்வருவேன். ஐந்தருவியில் எத்தனை கிளையில் விழுகிறது, பேரருவியில் பெண்கள் பக்கமும் விழுகிறதா, அங்கே இருக்கும் ஆர்ச்சை, அதாவது பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுகிறதா. இந்த மூன்றும் போதும். முப்பது வினாடி வீடியோ எடுத்து, தேதியும் நேரமும் சொல்லி, கேட்ட எல்லோருக்கும் அதையே அனுப்பிவிடுகிறேன். நாளைக்கு எப்படி என்று கேட்டால், “மலைமேல மழை பெஞ்சாத்தான் சார், இங்க பெய்யறத வச்சுச் சொல்ல முடியாது” என்பதுதான் பதில்.

தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டி விழுந்தால் குளிக்கத் தடை விதித்துவிடுவார்கள். ஆக, தண்ணீர் குறைந்தாலும் ஏமாற்றம், கூடினாலும் ஏமாற்றம். அதற்காகத்தான் எங்கள் விதி இப்படி: தடை விதித்திருந்தால் அந்த வருடத்துக்குள் வேறு தேதிக்கு ஒரு தடவை இலவசமாக மாற்றிக்கொள்ளலாம், பணம் திரும்பக் கிடையாது. முன்பணம் வாங்கும்போதே இதை எழுதி அனுப்பிவிடுங்கள். வாயால் சொன்னது சண்டையில்தான் முடியும்.

மே மாதத்திலும் எச்சரிக்கை வேண்டும். 2024 மே 17 அன்று, சீசன் தொடங்குவதற்கு முன்பே, பழைய குற்றாலம் அருவியில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே மலையில் கோடை மழை கொட்டும். ஆகவே லீவுக்கு வந்த சொந்தப் பிள்ளைகளுக்கும், வாடகைக்கு வந்தவர்களுக்கும் ஒரே பாடம்தான் சொல்லுவேன்: தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறினாலோ, சருகும் சுள்ளியும் சேர்ந்து வந்தாலோ, சத்தம் மாறினாலோ துண்டைக்கூட எடுக்காமல் வெளியே வந்துவிட வேண்டும்.

படி 7: விருந்தாளியின் ஒரு நாள்

அறை பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் என்று போர்டு வைத்திருப்பீர்கள். ஆனால் ரயில் காலை எட்டு மணி வாக்கில் தென்காசியில் இறக்கிவிட்டுவிடும். தூக்கம் கெட்ட முகத்தோடு, பையும் பிள்ளையுமாக ஒன்பது மணிக்கு வாசலில் நிற்பவரிடம் போர்டைக் காட்ட முடியாது. கிணற்றடியில் ஒரு தனிக் குளியலறையும், பை வைக்க ஒரு பூட்டுப் போட்ட இடமும் கட்டினேன். விடுதிக்கு நான் செலவழித்ததில் உருப்படியான செலவு இதுதான் என்பேன். குளித்து, இட்லி சாப்பிட்டு, அவர்கள் அருவிக்குக் கிளம்பிவிடுவார்கள்; அறை நிதானமாகத் தயாராகும்.

மத்தியானத்துக்குச் சோறு, சொதி அல்லது புளிக்குழம்பு, ஒரு கூட்டு, மே மாதத்து வத்தல், மோர் மிளகாய். ராத்திரிச் சாப்பாட்டுக்கு மெனக்கெட வேண்டாம். முக்கால்வாசிப் பேர் செங்கோட்டைப் பக்கம் இருக்கும் பிரானூர் பார்டருக்குப் பரோட்டா சாப்பிடப் போய்விடுவார்கள். போகாதவர்களுக்குத் தோசை. சாயங்காலம் சாரலில் நனைந்து வருபவர்களுக்குச் சுக்குக் காபி. கேட்காமலே கொடுத்துவிட வேண்டும், அதற்குக் காசும் போடக் கூடாது. மங்குஸ்தானும் ரம்புட்டானும் எந்தக் கடையில் நியாயமான விலை என்று சொல்லி அனுப்புங்கள். ஜன்னலோரம் பழத்தை வைக்காதீர்கள் என்றும் சொல்லுங்கள். குரங்கு பழத்தை எடுத்துக்கொண்டு போவதோடு நிற்காது, கண்ணாடியையும் சீப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும்.

குடித்துவிட்டுக் கூத்தடிக்க வரும் கூட்டத்தை எடுக்கலாமா என்று கேட்பார்கள். நான் எடுப்பதில்லை. போனிலேயே “வீட்டுல பெரியவங்க இருக்காங்க அண்ணாச்சி, இங்க சரிப்பட்டு வராது” என்று சொல்லிவிடுவேன். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கோபப்படாமல் வேறு இடம் பார்த்துக்கொள்கிறார்கள்.

படி 8: ஆடி

ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்கக் குற்றாலத்தில் கூட்டம் அலைமோதும். அந்த நாட்களில் வருபவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், விரத நியமம் உள்ளவர்கள். வெங்காயம், பூண்டு இல்லாத சமையலுக்குத் தயாராக இருங்கள். கீழ்த்தள அறையை அவர்களுக்கு வையுங்கள்.

அதே ஆடியில் கல்யாணமான வீட்டுப் பெண்பிள்ளையையும் அழைக்க வேண்டும். சீசன் உச்சத்தில் தெற்கு அறை மறுபடி உறவுக்குப் போகும். போன வருடம் தங்கச்சி வந்திருந்தபோது நான்கு அறையிலும் ஆள். காலையில் தோசைக்கல்லை அவள் பிடுங்கிக்கொண்டு, “நீ போய் அருவியப் பார்த்துட்டு வா அண்ணே” என்று விரட்டினாள். அவள் சுட்டதைச் சாப்பிட்ட சென்னைக்காரர், அடுத்த நாளும் அதே தோசை வேண்டும் என்றார். அவள் அன்றைக்கு ஊருக்குக் கிளம்பிவிட்டாள் என்பதை எப்படிச் சொல்வது?

ஆவணி பிறந்து கூட்டம் குறைந்ததும் டைரியை எடுத்து, எது எந்தத் தேதியில் தீர்ந்தது என்று மட்டும் எழுதி வையுங்கள். எங்கள் டைரியில் கடைசியாக இருப்பது: மோர் மிளகாய் ஆகஸ்ட் 10-ல் காலி, அடுத்த மே மாதம் இரண்டு கிலோ கூடுதல். விரிப்பு ஆறு வாங்க வேண்டும். மேற்குச் சுவர்.